அடுத்த ஜாதகம் உண்டா?

இராமநாதபுரத்துக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவரே அவர்தான் என்று இப்போதும் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொண்டுவந்தது உண்மைதான். மதுரையிலிருந்து பஸ்ஸின் கடைசி சீட்டில், மடியில் மானிட்டரை வைத்துக்கொண்டு, பக்கத்தில் யாரையும் உட்காரவிடாமல் கொண்டுவந்தார். அந்தக் கதையை அவரே எங்களிடம் சலிக்காமல் சொல்லியிருக்கிறார். கொண்டுவந்து என்ன செய்தார் என்பதை மட்டும் சொன்னதில்லை. அதை நான் சொல்கிறேன்.

அவர் பெயர் இங்கே வேண்டாம். எல்லாருக்கும் அவர் சார். அரண்மனைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. உள்ளறையில் சி மொழி வகுப்பு, முன்னறையில் கம்ப்யூட்டர் ஜாதகம். வகுப்பு எடுத்தது நான். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் உச்சிப்புளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன். முன்னறை முழுக்க அவருடைய ராஜ்ஜியம்.

"நமக்குள்ள என்ன" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். சுவரில் ஒரு கண்ணாடி, அதன் கீழே ஆணியில் ஒரு சீப்பு. வகுப்புக்கு வரும் பையன்கள், ஜாதகம் பார்க்க வருகிறவர்கள், சார், எல்லாருக்கும் அந்த ஒரே சீப்பு. தண்ணீர்ப் பானைக்கு ஒரே டம்ளர். என் குடையை ஒரு மழை நாளில் யாரோ வாடிக்கையாளருக்கு எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் நனைந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மறுநாள் கேட்டதற்கு, குடை இங்கனதான் சாத்தி இருந்துச்சு, யாரும் எடுத்திருப்பாங்க என்றார். எடுத்துக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். பார்த்ததைச் சொன்னபோதும் அவருக்கு முகம் மாறவில்லை. நமக்குள்ள என்னம்மா என்றார்.

இந்தப் பொதுவுடைமை அடுத்தவர் சாமானுக்கு மட்டும்தான். மத்தியானம் வீட்டிலிருந்து அவருக்கு டிபன் கேரியர் வரும். அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் பேப்பர் கட்டு அடுக்கியிருக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வஞ்சிர மீன் வறுவல் வாசம் கதவிடுக்கில் வரும். மீன் வரவே வராது.

பெயர் விஷயத்தில் அவர் இன்னும் மோசம். கடைசியாக எந்தப் பெயர் அவர் காதில் விழுந்ததோ அதுதான் அடுத்த ஆளுக்கும் பெயர். காலையில் முனியாண்டி என்று ஒரு பையன் வந்து சேர்ந்தால் அன்று பூராவும் வகுப்பிலிருக்கும் எல்லாப் பையனும் முனியாண்டிதான். நான் ஒரு வாரம் செல்வியாக இருந்திருக்கிறேன், பிறகு ஜோதியாக. திருத்தினால் சிரிப்பார். யாராயிருந்தா என்ன, வேலை நடந்தாச் சரி என்பார்.

ஒரு வருடம், படிப்பு முடித்த பையன்கள் தலைக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. எல்லாரும் ஒரே பிளாப்பியில், ஒரே பெயரில் சேமியுங்கள் என்று இவர் சொல்லிவிட்டார். அப்போதுதான் தேட வசதியாம். ஒருவன் எழுதியதன் மேல் அடுத்தவன் எழுதி, அவன் மேல் இன்னொருவன் எழுதி, கடைசியில் எழுதியவன் புரோகிராம் மட்டும் மிஞ்சியது. அது ஒரு நோஞ்சான் புரோகிராம், இரண்டு எண்ணைக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். அந்த ஆண்டு எல்லாரும் அதையே தங்களுடையதாகக் கொடுத்தார்கள். மாதக்கணக்காக உழைத்த ஒரு பையன் படியில் உட்கார்ந்து தேம்பினான். அடுத்த தடவை நல்லாப் பண்ணலாம்டா முனியாண்டி என்று சார் அவன் முதுகில் தட்டினார். அவன் பெயர் முனியாண்டி இல்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஜாதகக் கணக்கை அவர் எங்கிருந்தும் திருடவில்லை. பஞ்சாங்கங்களை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்து தானே எழுதினார். எந்த நாளில் எந்த நேரத்தில் செவ்வாய் எங்கே நின்றது என்று அவர் புரோகிராம் சொன்னால் அது சரியாகவே இருந்தது. நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். வானத்தில் இருக்கிற கிரகத்தைப் பிடிக்கத் தெரிந்த மனிதருக்கு எதிரே நாற்காலியில் இருக்கிற பெண்ணைத் தெரியவில்லை. எனக்கு ஆத்திரமே அதனால்தான்.

அந்தக் காலத்து மானிட்டரில் கறுப்புத் திரைதான். புரோகிராமின் பெயரை அடித்து, அதே வரியில் பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் அடித்து ஒரு தட்டுத் தட்டினால் பிரிண்டர் கரகரவென்று கட்டம் போட்டுத் தரும். கட்டத்துக்குக் கீழே நட்சத்திரம், தசை இருப்பு, கடைசி வரியாகத் தடித்த எழுத்தில் செவ்வாய் தோஷம் உண்டு, அல்லது இல்லை. கட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். கடைசி வரியைப் படிக்க எல்லாருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. மாப்பிள்ளை வீட்டார், கையால் எழுதின ஜாதகத்தை ஓரம் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் ஜாதகம் கொண்டுவாருங்கள் என்று கேட்கத் தொடங்கியிருந்த நேரம்.

புரோகிராமின் உள்ளே என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு புரோகிராமில் பல பகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஒரு பகுதி தனக்கு வேண்டிய மதிப்புகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் அவை போய்விடும். அல்லது எல்லாவற்றுக்கும் பொதுவாகப் புரோகிராமின் தலையில் வைக்கலாம். அப்படி வைத்தால் எந்தப் பகுதியும் அதைப் பார்க்கலாம், எந்தப் பகுதியும் மாற்றலாம். யார் மாற்றினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. குளோபல் என்று அதற்குப் பெயர். சில விஷயங்களுக்கு அது வேண்டும்தான். வகுப்பில் நான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் புத்தி, தேவையில்லாமல் அங்கே எதையும் வைக்காதே என்பது. பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தவர் எல்லாவற்றையும் அங்கேதான் வைத்திருந்தார்.

முதலில் அதனால் கெடுதல் இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு தடவை புரோகிராம் ஓடும், முடிந்ததும் எல்லாம் அழிந்துவிடும். அடுத்த ஆளுக்குப் புதிதாகத் தொடங்கும். ஆனால் தை மாதத்தில் கூட்டம் மாடிப்படி வரை நின்றது. ஒவ்வொரு தடவையும் புரோகிராம் ஏறுவதற்கு ஆகிற நேரத்தை அவரால் பொறுக்க முடியவில்லை. ஒருவர் முடிந்ததும், 'அடுத்த ஜாதகம் உண்டா?' என்று திரையில் கேட்கிற மாதிரி மாற்றிவிட்டார். ஆமாம் என்று தட்டினால் நிற்காமல் அடுத்தவருக்குப் போய்விடும். அதைச் செய்துவிட்டு அவருக்கு ஒரே பெருமை. வேகத்தைப் பாத்தியா என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கூட்டம் அதிகமான நாளில் தோஷக்காரர்களும் அதிகமாக வருகிறார்கள் என்பதை அவரே கவனித்துச் சொன்னார். அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார். தோஷம் இருக்கிறவங்களுக்குத்தான் கல்யாணம் தட்டுது, தட்டுனவங்கதான் கூட்டத்துல நின்னாவது பாக்க வாராங்க என்பார். கரண்ட் போய் வந்த பிறகு கொஞ்ச நேரம் யாருக்கும் தோஷம் இருக்காது. அதற்கு மட்டும் காரணம் சொன்னதில்லை. தோஷம் உண்டு என்று காகிதம் வந்தால், இராமேசுவரம் பக்கத்துலதான இருக்கு, தீர்த்தமாடிட்டுப் போங்க என்று பெரிய மனது வைத்து வழி சொல்லுவார்.

சிக்கல் என்ற ஊரிலிருந்து ஒரு மிளகாய் விவசாயி தன் மகளோடு மாடி ஏறி வந்தது ஆடி மாதத்தில். கூட்டமில்லாத நேரம். நான் முன்னறையில் இருந்தேன். அவர் கையில் எங்கள் சென்டர் காகிதம் இருந்தது. தை மாதக் கூட்டத்தில் வாங்கிப்போனது. கடைசி வரியில் தோஷம் உண்டு. பேசி முடித்திருந்த சம்பந்தம் அந்த ஒரு வரியில் அறுந்திருந்தது. பெண் பிறந்தபோது ஊர்ச் சோதிடர் எழுதிய ஓலையில் தோஷம் இல்லை என்று இருப்பதைக் காட்டி, மாப்பிள்ளை வீட்டில் மன்றாடியிருக்கிறார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் கம்ப்யூட்டரிலேயே இல்லை என்று வாங்கிவந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அய்யா, நாங்க படிக்காதவங்க," என்றார் அவர். "மிசினு தப்புன்னு சொல்ல வரல. ஒருக்கா திரும்பப் பாத்துச் சொல்லுங்க. எம்பிள்ளைய நேர்ல பாத்துக்கூட அவுக மாத்திப் பேசல, காயிதத்தப் பாத்துத்தான் பேசுறாக."

அந்தப் பெண் சுவரோரமாக நின்றது. சார் காகிதத்தை வாங்கி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, அச்சாகி வந்ததை மாற்ற முடியாது என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். லக்னத்திலிருந்து இரண்டு, நான்கு, ஏழு, எட்டு, பன்னிரண்டு ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்று அவரே சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். இந்தக் கட்டத்தில் செவ்வாய் மூன்றில் இருந்தது. விரல் வைத்து எண்ணிக் காட்டினேன். மேலே கட்டம் ஒன்று சொல்கிறது, கீழே வரி வேறு சொல்கிறது. ஏதாவது விதிவிலக்கு இருக்கும் என்றார் சார்.

இருவரையும் மறு வாரம் வரச் சொல்லி அனுப்பினேன். பிறகு சாரின் எதிரிலேயே தோஷமுள்ள ஒரு தேதியை அடித்தேன். 'அடுத்த ஜாதகம் உண்டா?' என்று கேட்டதும் ஆமாம் தட்டி, சிக்கல் பெண்ணின் தேதியைக் கொடுத்தேன். தோஷம் உண்டு என்றது. புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்டி அதே தேதியை மட்டும் கொடுத்தேன். இல்லை என்றது. தோஷம் உண்டென்று ஒருமுறை எழுதிவைத்த இடத்தை அடுத்த ஆளுக்காகத் துடைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. முன்னால் வந்தவளின் தோஷம் பின்னால் வந்தவளின் தலையில் இறங்கியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அவர் கொட்டாவி விட்டார்.

"மெஷினுக்கும் ஒரு மூடு இருக்கும்ல," என்றார். "அந்த இடத்துல ஒரு பூஜ்யத்தைப் போட்டு விட்ருமா. முடிஞ்சுது."

பூஜ்யத்தைப் போட்டேன். தோஷம் அடங்கியது, தசை இருப்பு கிளம்பியது. முந்தைய ஆளின் மீதி மாதங்கள் இவளுடைய கணக்கில் சேர்ந்து வந்தன. அதைத் துடைத்தால் முந்தைய ஆள் பிறந்த ஊர் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொன்றாகத் துடைத்து மாளாது என்று புரிந்தது. அடியோடு செய்தால்தான் உண்டு. அவரிடம் கேட்டேன். நீயே பாத்துக்க, நமக்குள்ள என்ன என்று சொல்லிவிட்டுப் பேப்பர் அறைக்குச் சாப்பிடப் போனார்.

அந்த வாரம் முழுக்க அதே வேலை. பொதுவில் கிடந்த ஒவ்வொன்றையும் எடுத்து, யார் இதை உண்மையில் உபயோகிக்கிறார்கள் என்று தேடி, அந்தப் பகுதிக்குள் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றை நகர்த்தினால் சம்பந்தமே இல்லாத வேறொன்று சாய்ந்தது. அப்படிச் சாய்ந்த பிறகுதான் யார் யார் அதன்மேல் சாய்ந்திருந்தார்கள் என்று தெரிந்தது. ராசியின் பெயரை அச்சடிக்கிற பகுதி, கட்டம் போடுகிற பகுதி எண்ணிவிட்டுப் போட்ட எண்ணை நம்பி உட்கார்ந்திருந்தது. எரிச்சலில் நான் பல்லைக் கடித்துக்கொண்டே வேலை பார்த்ததாக வகுப்புப் பையன்கள் பிறகு சொன்னார்கள். எல்லாவற்றையும் நான் எடுக்கவில்லை. கிரக அட்டவணை எல்லாருக்கும் வேண்டும், ஆனால் யாரும் மாற்றக்கூடாது. அதைப் பொதுவிலேயே விட்டு, மாற்ற முடியாதபடி பூட்டினேன். தோஷம் பார்க்கிற பகுதிக்கு லக்னத்தையும் செவ்வாயையும் கையில் கொடுத்தால் உண்டு, இல்லை என்று பதில் சொல்லும். பதில் சொன்னபின் அது எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது.

பிறகு ஒரே மூச்சில் வரிசையாகத் தேதிகளை அடித்துப் பார்த்தேன். எப்படி முன்பின் மாற்றிக் கொடுத்தாலும் அவரவருக்கு அவரவருடையது வந்தது. அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம் இருந்தது.

சிக்கல்காரர் மறு வாரம் மகளோடு வந்தார். கையில் ஒரு பை நிறைய உருண்டை உருண்டையான முண்டு மிளகாய், அவர் கொல்லையில் விளைந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நான் அச்சடித்து வைத்திருந்த புதுக் காகிதத்தைச் சார் இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

"நானே உக்காந்து பாத்தேன். தோஷத்தை எடுத்து விட்டுட்டேன். தைரியமாப் போயிக் கல்யாணத்த நடத்துங்க."

அந்த மனிதர் கண் கலங்கிக் கும்பிட்டார். சாமி மாதிரி பண்ணிட்டீக என்றார். தோஷத்தை ஏற்றி வைத்தவருக்கே இறக்கியதற்குக் கும்பிடு. சார் அதை அலட்டிக்கொள்ளாமல் வாங்கிக்கொண்டார். மிளகாய்ப் பை பேப்பர் அறைக்குப் போனது. எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. நான் அந்தப் பெரியவரை உட்காரவைத்து, எடுக்கவில்லை அய்யா, உங்கள் பிள்ளைக்குத் தோஷமே கிடையாது, உங்களுக்கு முன்னால் வந்தவர்களுடையதை மெஷின் உங்களுக்கும் சேர்த்து எழுதிவிட்டது என்று சொன்னேன். சார் என்னை முறைத்தார். பெரியவருக்கு அது பாதி புரிந்திருக்கும். காகிதத்தில் இல்லை என்று வந்துவிட்டது, அவருக்கு அது போதும்.

அந்தப் பெண்ணுக்கு முழுதும் புரிந்துவிட்டது. அதுவரை பேசாத பிள்ளை என்னைப் பார்த்துக் கேட்டது.

"அன்னைக்கி எனக்குப் பின்னாடி ஒரு அக்கா உக்காந்திருந்தாக. தனியா வந்திருந்தாக. காயிதத்த வாங்கிப் பாத்துட்டு படியில எறங்கையிலயே அழுதாக. அவுகளுக்கும் இப்படித்தான் ஏறியிருக்குமாக்கா?"

நான் சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அதெல்லாம் அவங்கவங்க நேரம் என்றார். அந்த அக்கா எந்த ஊர் என்று பெண்ணிடம் கேட்டேன். தெரியாது, பஸ் ஸ்டாண்டில் கமுதி பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தேன் என்றது. அவர்கள் போன பிறகு, தை முதல் இங்கே காகிதம் வாங்கியவர்கள் திரும்பக் கொண்டுவந்தால் சரிபார்த்துத் தரப்படும் என்று கதவில் எழுதி ஒட்டலாமா என்று சாரிடம் கேட்டேன். இதுவரை குடுத்ததெல்லாம் தப்புன்னு நாமளே போர்டு வைக்கணுமாக்கும் என்றார். தப்பு எங்கனயிருந்து வந்துச்சுன்னு யாரு கண்டா, கரண்டு ஏத்த இறக்கத்துல கூட ஆகியிருக்கும் என்றார். யார் யாருக்குக் கொடுத்தோம் என்றாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. அவர் வைத்த இடத்தில் கடைசியாக வந்த ஆள் மட்டும்தான் இருப்பார். அவருக்கு முன்னால் வந்த அத்தனை பேரும் காகிதத்தோடு படியிறங்கிப் போய்விட்டார்கள்.

அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். நான் திருத்தி எழுதிய புரோகிராமை, 'வேகமான புதுப் பதிப்பு, நானே உருவாக்கியது' என்று சொல்லிப் பிற்பாடு அவர் பரமக்குடியில் இன்னொரு சென்டருக்குக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். கொடுத்துவிட்டுப் போகட்டும். அந்தப் புரோகிராமாவது அடுத்தவர் தலையில் எதையும் கட்டாது.

வேலையை விட்ட மறுவாரம் யாரிடமும் சொல்லாமல் கமுதி பஸ் ஏறினேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இறங்கிய இடத்தில் சந்தை. மிளகாய் வத்தலைக் குவித்து வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் முகம் கொடுத்துப் பேசுகிறவளாகத் தெரிந்தாள். தை மாதத்தில் இராமநாதபுரம் போய்க் கம்ப்யூட்டர் ஜாதகம் பார்த்து வந்த பிள்ளை யாராவது இந்தப் பக்கம் உண்டா, செவ்வாய் தோஷம் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள், அது தப்பு என்று சொல்ல வந்திருக்கிறேன் என்றேன்.

அவள் கிள்ளுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"செவ்வாயின்னு சொல்லி வீட்டோட உக்காரவச்ச பிள்ளைக இங்கன தெருவுக்குத் தெரு இருக்குத்தா. நீ எந்தப் பிள்ளையத் தேடுற?"

பெயர் தெரியாது என்றேன்.